குறியை அழிக்கும் சலவை



கள்ளப்பணத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தப்பான வழியில் வந்த பணத்தை எப்படி நல்ல பணமாக மாற்றுகிறார்கள், மாற்றுகிறவர்கள் எப்படி ஊருக்கு ஒரு முகம், உள்ளே ஒரு முகம் என்று வாழ்கிறார்கள் என்பதுதான் விஷயம். சுவிட்சர்லாந்து, நியூயார்க் என்றெல்லாம் பிறகு போவோம். முதலில் நம் ஊர் வண்ணாந்துறைக்குப் போய்விட்டு வரலாம்.

ஜார்ஜ்டவுனில் ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் டோபிகாட் என்ற இடம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் குடியேறிய இடம். நம்மவர்கள் அதை வண்ணாந்துறை என்பார்கள். வீடு வீடாகத் துணி எடுத்து, மூட்டை கட்டிக் கொண்டுவந்து, கல்லில் அடித்துத் துவைத்து, கொடியில் உலர்த்தி, பெட்டி போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். ஐம்பது வீட்டு வெள்ளைச் சட்டை ஒரே தொட்டியில் ஊறும். எது யாருடையது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் குறி. ஊரில் சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவார்கள். காலருக்கு உள்ளே ஒரு புள்ளி, ஒரு வளையம், இரண்டு கோடு என்று வீட்டுக்கு ஒரு குறி இருக்கும். எத்தனை முறை துவைத்தாலும் அழுக்கு போகும், குறி போகாது.

பணச் சலவை இதற்கு நேர் எதிரானது. அங்கே அழுக்கு அப்படியே இருக்கும். அழிப்பது குறியை. இது யார் பணம், எங்கிருந்து வந்தது என்ற அடையாளம் போய்விட்டால் வேலை முடிந்தது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

பாடப் புத்தகங்களில் மூன்று கட்டம் என்று எழுதியிருப்பார்கள். ரொக்கத்தை வங்கிக்குள் நுழைப்பது முதல் கட்டம். பல கணக்குகள் வழியே சுற்றவிட்டுத் தடத்தைக் குழப்புவது இரண்டாவது. கடைசியில் வீடு, நிலம், வியாபாரம் என்று வாங்கி நல்ல பணத்தோடு கலந்துவிடுவது மூன்றாவது. போதைப்பொருள் விற்கிறவனுக்கு இது சரியாகப் பொருந்தும். அவன் கையில் இருப்பது கசங்கிய பத்து வெள்ளி, ஐம்பது வெள்ளி நோட்டுகள். மூட்டையாக வங்கிக்குக் கொண்டுபோனால் பிடித்துக்கொள்வார்கள். அதனால் கார் கழுவும் கடை, சாப்பாட்டுக் கடை என்று ரொக்கம் புழங்கும் தொழிலை முன்னால் வைப்பான். பத்துத் தட்டு சோறு விற்று நூறு தட்டு விற்றதாகக் கணக்கு எழுதுவான். வரிகூட ஒழுங்காகக் கட்டுவான்! வரி கட்டிய ரசீதே அவனுக்கு நற்சான்று ஆகிவிடும்.

ஆனால் நம் நாட்டின் மிகப் பெரிய கள்ளப்பண வழக்கில் இந்த முதல் கட்டமே கிடையாது. அங்கே மூட்டையும் இல்லை, கசங்கிய நோட்டும் இல்லை. பணம் ஆரம்பத்திலிருந்தே வங்கியில், அரசாங்க நிறுவனத்தின் பெயரில்தான் இருந்தது. அது வெளியே போனதும் வங்கி வழியாகத்தான். ஒவ்வொரு முறையும் ஒரு கடிதம், ஒரு காரணம், ஒரு கையெழுத்து இருந்தது. 1எம்டிபி விவகாரத்தைத்தான் சொல்கிறேன். அதன் நடுநாயகமாகச் சொல்லப்படுகிறவர் நம் ஊர்ப் பிள்ளை.

லோ தேக் ஜோ. உலகம் அவரை ஜோ லோ என்று அழைக்கிறது. 1981இல் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். சுங் லிங் உயர்நிலைப் பள்ளியில் படித்தார், பிறகு லண்டனில் ஹாரோ பள்ளி, அதன்பின் அமெரிக்காவில் வார்ட்டன் வணிகக் கல்லூரி. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் மீது மலேசியாவும் அமெரிக்காவும் 2018இல் குற்றம் சாட்டின. அவர் எந்த நீதிமன்றத்திலும் ஆஜராகவில்லை. ஆகவே அவரை எந்த நீதிபதியும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர் தம் தரப்பில் எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டே இருக்கிறார். நான் சொல்வது அமெரிக்க நீதித்துறை தாக்கல் செய்த மனுக்களிலும், மலேசிய, சிங்கப்பூர் நீதிமன்றங்களிலும் வெளிவந்த செய்திகள்.

டாம் ரைட், பிராட்லி ஹோப் என்ற இரு செய்தியாளர்கள் 2018இல் இவரைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். அதில் பினாங்கு சம்பந்தப்பட்ட ஒரு செய்தி வருகிறது. ஹாரோ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, தம் வெளிநாட்டு நண்பர்களை விடுமுறைக்கு இங்கே அழைத்து வந்திருக்கிறார். அவர்களைக் கடலில் சுற்றிக்காட்ட ஒரு சொகுசுப் படகை இரவல் வாங்கினாராம். படகுக்காரர் குடும்பத்துப் படங்களைக் கழற்றி எடுத்துவிட்டு, அதே இடத்தில் தம் குடும்பத்துப் படங்களை மாட்டி வைத்தாராம். கொடிமலையில் இருந்த ஒரு பழைய பங்களாவையும் இரவல் வாங்கித் தம் குடும்பத்து வீடு என்று காட்டினாராம்.

இதைப் படித்தபோது எனக்கு வண்ணாந்துறைக் குறிதான் நினைவுக்கு வந்தது. பொருள் இன்னொருவருடையது, குறி மட்டும் இவருடையது. பிற்காலத்தில் பெரிய அளவில் நடந்ததாகச் சொல்லப்படுவதும் இதே வேலைதான். அங்கே சட்டத்தில் மாட்டிய படங்களுக்குப் பதில் கம்பெனிப் பெயர்கள்.

1எம்டிபி 2009இல் தொடங்கியது. நாட்டு வளர்ச்சிக்கு முதலீடு செய்ய அரசாங்கம் அமைத்த நிறுவனம். அன்றைய பிரதமர் நஜிப் துன் ரசாக் அதன் ஆலோசனைக் குழுத் தலைவர். ஜோ லோவுக்கு அங்கே எந்தப் பதவியும் கிடையாது. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை. ஆனால் முக்கிய முடிவுகளில் அவர் கை இருந்தது என்பது வழக்குகளில் திரும்பத் திரும்ப வந்த சாட்சியம்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பெட்ரோசவூதி என்ற நிறுவனத்தோடு கூட்டுத் தொழில் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 1எம்டிபியின் பங்கு 100 கோடி டாலர். அதில் 30 கோடி மட்டும்தான் கூட்டுத் தொழிலின் கணக்குக்குப் போனது. மீதி 70 கோடி, சூரிக் நகரில் ஒரு தனியார் வங்கியில் இருந்த குட் ஸ்டார் என்ற கம்பெனியின் கணக்குக்குப் போனது. எதற்கு என்று கேட்டபோது, பெட்ரோசவூதிக்குத் தர வேண்டிய கடனுக்கு என்றார்கள். குட் ஸ்டார் யாருடையது என்று கேட்டபோது, அது பெட்ரோசவூதியின் கம்பெனிதான் என்றார்கள். உண்மையில் அது சீஷெல்ஸ் தீவில் பதிவான, ஜோ லோவுக்குச் சொந்தமான கம்பெனி என்கிறது அமெரிக்க நீதித்துறை. கேள்வி கேட்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டார்கள். ஒரு பதில் வந்தது. பதில் வந்ததே போதும் என்று கோப்பை மூடிவிட்டார்கள்.

அடுத்த தந்திரம் இன்னும் வேடிக்கையானது. நம் ஊர்ச் சந்தையில் புகழ்பெற்ற செருப்புக் கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலிச் செருப்பு விற்பார்களே, அதே கதைதான். அபுதாபி அரசாங்கத்துக்கு வேண்டிய ஆபார் என்ற முதலீட்டு நிறுவனம் இருந்தது. கிட்டத்தட்ட அதே பெயரில் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவில் 2012இல் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார்கள். அசல் நிறுவனத்தின் மேலதிகாரிகள் இருவரே இதிலும் இயக்குநர்களாக இருந்தார்கள் என்பது புகார். 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கோல்ட்மேன் சாக்ஸ் வழியாக 1எம்டிபி மூன்று முறை கடன்பத்திரம் வெளியிட்டு 650 கோடி டாலர் திரட்டியது. அந்த வங்கிக்குக் கிடைத்த கட்டணம் மட்டும் சுமார் 60 கோடி டாலர். முதல் இரண்டு முறை வந்த பணத்தில் 130 கோடி டாலருக்கு மேல் இந்த ஒத்த பெயர்க் கம்பெனிக்குப் போய்விட்டது. காகிதத்தில் பெயரைப் பார்க்கிறவருக்கு அபுதாபி அரசாங்கத்துக்குப் பணம் போவது போலவே தெரியும்.

மூன்றாவது முறை தானோர் என்ற கம்பெனி. அது எரிக் தான் என்பவர் பெயரில் இருந்தது. ஜோ லோவின் கூட்டாளி என்று சொல்லப்படும் அவரும் 2018இல் குற்றம் சாட்டப்பட்டவர், அவரும் அகப்படவில்லை. சில சமயம் ஜோ லோவே எரிக் தான் என்ற பெயரில் வங்கிகளோடு தொடர்பு கொண்டார் என்று அமெரிக்க மனுவில் இருக்கிறது. எங்க வீட்டுப் பிள்ளையில் எம்.ஜி.ஆர். இரண்டு பேராக வருவார். இங்கே ஒருவரே இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஒரே பணம்! இந்தத் தானோர் கணக்கிலிருந்துதான் 2013 மார்ச் மாதம் 68 கோடியே 10 லட்சம் டாலர் நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அது சவூதியிலிருந்து வந்த நன்கொடை என்பது அவர் சொன்ன விளக்கம். அதற்கும் கடிதங்கள் இருந்தன.

இன்னும் இரண்டு வழிகளைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண மக்களுக்கு இவை தெரிய வேண்டும். ஒன்று, வழக்கறிஞரின் வாடிக்கையாளர் கணக்கு. நாம் வீடு வாங்கும்போது வழக்கறிஞர் கணக்கில் பணம் போடுகிறோம் அல்லவா? அதில் பலருடைய பணம் சேர்ந்து கிடக்கும். வெளியே இருந்து பார்த்தால் எது யாருடையது என்று தெரியாது. குட் ஸ்டாரிலிருந்து 36 கோடியே 80 லட்சம் டாலர் இப்படி அமெரிக்காவில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தின் கணக்குக்குப் போய், அங்கிருந்து வீடாகவும் ஹோட்டலாகவும் தனி விமானமாகவும் மாறியது என்கிறது மனு. வண்ணாந்துறைத் தொட்டி மாதிரிதான். ஆனால் குறி இல்லாத தொட்டி.

இன்னொன்று, குடும்பப் பாசம். மகன் கணக்கிலிருந்து தந்தையின் கணக்குக்குப் பணம் போகும். அங்கிருந்து மகனுக்கே திரும்பி வரும். போனபோது வியாபாரப் பணம், வந்தபோது அப்பா கொடுத்த அன்பளிப்பு. பெரிய இடத்துப் பிள்ளை, பரம்பரைச் சொத்து என்று வங்கிக்காரர்கள் எழுதிக்கொள்வார்கள். அப்பா பிள்ளைக்குக் கொடுப்பதை யார் கேட்பது?

இவ்வளவும் நடந்த காலத்தில் இந்த மனிதர் ஒளிந்து வாழவில்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சினிமாவில் கள்ளப்பணக்காரன் இருட்டறையில் உட்கார்ந்திருப்பான், பாதி முகத்தில்தான் வெளிச்சம் விழும். இவரோ விளக்கு எங்கே அதிகமாக எரிகிறதோ அங்கே போய் நின்றார். 2012இல் லாஸ் வேகாசில் ஹாலிவுட் நட்சத்திரங்களும் பாடகர்களும் சூழப் பிறந்தநாள் கொண்டாடினார். இன்னொரு பக்கம் ஜின்வெல் என்ற அறக்கட்டளை வைத்துப் புற்றுநோய் மருத்துவமனைக்கும் ஐக்கிய நாடுகள் சார்ந்த பணிகளுக்கும் கோடிக்கணக்கில் நன்கொடை அறிவித்தார். கொடையாளர், முதலீட்டாளர், கலை ரசிகர் என்பதெல்லாம் வெளி வாழ்க்கை. உள் வாழ்க்கை வங்கிக் காகிதங்களில் இருந்தது. ஒன்று இல்லாமல் மற்றொன்று நடக்காது. நன்கொடைச் செய்தி பத்திரிகையில் வந்தால் அடுத்த வங்கியில் கணக்குத் திறக்க அந்த வெட்டுத்துண்டே போதும்.

இதில் ஒரு திரைப்படமும் வருகிறது. நஜிப்பின் மனைவியின் மகன் ரிசா அசிஸ் அமெரிக்காவில் ரெட் கிரானைட் என்ற படக் கம்பெனி தொடங்கினார். அந்தக் கம்பெனி 2013இல் தயாரித்த படம் தி வூல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட். பங்குச் சந்தையில் மக்களை ஏமாற்றிய ஒருவனின் உண்மைக் கதை. ஏமாற்றிய பணத்தை உடம்பில் கட்டிச் சுவிட்சர்லாந்துக்குக் கடத்தும் காட்சிகூட அதில் உண்டு. அந்தப் படத்துக்கே 1எம்டிபி பணம் போனது என்பதுதான் அமெரிக்க அரசாங்கத்தின் வாதம். கதாநாயகன் லியனார்டோ டிகாப்ரியோ 2014இல் கோல்டன் குளோப் விருது வாங்கியபோது மேடையில் ஜோ லோவுக்கும் நன்றி சொன்னார். பிற்பாடு, தமக்கு வந்த பரிசுப் பொருள்களை அவரே அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். படக் கம்பெனி 2018இல் 6 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. ரிசா அசிஸ் மீது இங்கே தொடுத்த வழக்கு, சொத்துகளைத் திருப்பித் தரும் உடன்பாட்டின் பேரில் 2020இல் கைவிடப்பட்டது. கள்ளப்பணக் கதையைக் கள்ளப்பணத்தில் எடுத்தார்கள் என்ற புகார்; எந்தக் கதாசிரியராவது இப்படி எழுதிக்கொண்டு போனால் தயாரிப்பாளர் நம்ப மாட்டார். அந்தப் படம் நம் நாட்டுத் திரையரங்குகளுக்கும் வரவில்லை.

இத்தனை ஜாக்கிரதையாகச் செய்தது எப்படி வெளியே வந்தது? காகிதத்தால் கட்டியது காகிதத்தால்தான் இடிந்தது. பெட்ரோசவூதியில் வேலை பார்த்து விலகிய சேவியர் ஜஸ்டோ என்ற சுவிஸ்காரரிடம் அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல்களும் கோப்புகளும் இருந்தன. அவை சரவாக் ரிப்போர்ட் நடத்திய கிளேர் ரியூகாசல் பிரவுனுக்கும், நம் நாட்டு தி எட்ஜ் பத்திரிகைக்கும் போய்ச் சேர்ந்தன. 2015இல் செய்தி வெடித்தது. ஜஸ்டோ தாய்லாந்தில் சிறை போனார். தி எட்ஜ் பத்திரிகைக்கு மூன்று மாதத் தடை போட்டார்கள்; நீதிமன்றம் அதை நீக்கியது. 2016 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை நூறு பக்கத்துக்கும் மேற்பட்ட மனுவைத் தாக்கல் செய்து, 1எம்டிபியிலிருந்து பல நூறு கோடி டாலர் திருடப்பட்டதாகச் சொன்னது. பிற்பாடு அவர்கள் சொன்ன கணக்கு 450 கோடி டாலருக்கு மேல். அந்த மனுவில் நம் பிரதமரின் பெயர் இல்லை, “மலேசிய அதிகாரி 1” என்றுதான் எழுதியிருந்தார்கள். அது யார் என்று காப்பிக் கடையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

2018 மே மாதம் ஆட்சி மாறியது. அந்த ஆகஸ்டில் ஜோ லோவின் படகு கிள்ளான் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. இது இரவல் படகு இல்லை, சொந்தப் படகு. 91 மீட்டர் நீளம், கட்டியபோது 25 கோடி டாலர். பெயர் ஈக்குவானிமிட்டி, அதாவது மன அமைதி. பாலித் தீவில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு அதை விற்றபோது கிடைத்தது 12 கோடியே 60 லட்சம் டாலர். பாதி விலை. கள்ளப்பணத்தை மீட்கிறோம் என்று செய்தி வரும்போதெல்லாம் இந்தப் பாதி விலையை நினைத்துக்கொள்ளுங்கள். போனது முழுசாக வராது.

கையெழுத்துப் போட்டவர்கள் என்ன ஆனார்கள்? கோல்ட்மேன் சாக்ஸ் மலேசியாவோடு 390 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. அமெரிக்கா முதலிய நாடுகளின் அதிகாரிகளுக்கு 290 கோடி டாலர் கட்டியது. அதன் முன்னாள் அதிகாரிகளில் ரோஜர் இங் என்ற மலேசியருக்கு அமெரிக்காவில் 10 ஆண்டு, குற்றத்தை ஒப்புக்கொண்ட டிம் லைஸ்னருக்கு 2 ஆண்டு. சிங்கப்பூரில் பிஎஸ்ஐ, பால்கன் ஆகிய இரு வங்கிகளை 2016இல் இழுத்து மூடினார்கள், வங்கிக்காரர்கள் சிலர் சிறை போனார்கள். நஜிப் எஸ்ஆர்சி வழக்கில் 2022 ஆகஸ்டில் சிறை சென்றார். 12 ஆண்டுத் தண்டனை 2024இல் மன்னிப்பு வாரியத்தால் 6 ஆண்டாகக் குறைந்தது. தானோர் பணம் சம்பந்தமான வழக்கில் 2025 டிசம்பர் 26ஆம் நாள் உயர்நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து 15 ஆண்டுச் சிறையும் 1,100 கோடி வெள்ளிக்கு மேல் அபராதமும் விதித்தது. சவூதி நன்கொடை என்ற விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. மேல்முறையீடு செய்வதாக அவர் தரப்பு சொன்னது.

ஜோ லோ மட்டும் கிடைக்கவில்லை. 2019இல் அமெரிக்காவோடு 70 கோடி டாலருக்கு மேல் சொத்துகளை விட்டுக்கொடுத்து உடன்பாடு செய்துகொண்டார், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே. 2024இல் இன்னொரு உடன்பாடு. செயிண்ட் கிட்ஸ், சைப்ரஸ் என்று வெவ்வேறு நாட்டுக் கடப்பிதழ்கள் அவரிடம் இருந்தன. ஷாங்காயில் வேறொரு பெயரில் வாழ்கிறார் என்று அந்த நூலை எழுதிய செய்தியாளர்களே 2025இல் சொன்னார்கள். தஞ்சோங் பூங்காவில் அவர் தந்தைக்குச் சொந்தமான பங்களா உட்பட 4 கோடியே 80 லட்சம் வெள்ளிச் சொத்தை 2020இல் நீதிமன்றம் அரசாங்கத்துக்குச் சேர்த்துவிட்டது. பத்து ஃபிரிங்கிக் கடற்கரைக்குப் பேருந்தில் போகிறவர்கள் எல்லாரும் அந்த வட்டாரத்தைத் தாண்டித்தான் போகிறார்கள்.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கடன்பத்திரம் என்றால் கடன். 2013இல் வாங்கிய 300 கோடி டாலருக்கு 2023இல் தவணை முடிந்தது. அதை அடைத்தது அரசாங்கம். வாங்கிய பணம் படகாகவும் படமாகவும் போனாலும் கடன்காரன் விட மாட்டான்.

ஆனால் எனக்கு அதைவிடப் பக்கத்தில் இன்னொரு கவலை இருக்கிறது. வண்ணாந்துறை என்று சொல்லிவிட்டுக் கழுதையைச் சொல்லாமல் விடலாமா? மலாய்க்காரர்கள் ‘அக்காவுன் கெல்டாய்’ என்கிறார்கள். கழுதைக் கணக்கு. அடுத்தவன் அழுக்கு மூட்டையைச் சுமக்கும் வங்கிக் கணக்கு. தொலைபேசியில் பேசி ஓய்வூதியக்காரர்களை ஏமாற்றுகிற கும்பல், தன் சொந்தக் கணக்கில் பணத்தை வாங்காது. நம் பிள்ளைகளின் கணக்கில்தான் வாங்கும். அங்கிருந்து அடுத்த கணக்கு, அங்கிருந்து வேறொன்று. ஒரு மணி நேரத்தில் நாலு பேர் கை மாறிவிடும். குட் ஸ்டார் செய்த வேலையை இங்கே ஏடிஎம் அட்டை செய்கிறது. பெரிய இடத்தில் கம்பெனிப் பெயர், சின்ன இடத்தில் நம் வீட்டுப் பிள்ளையின் பெயர்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா ஜார்ஜ்டவுனில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். மகனுக்குப் பத்தொன்பது வயது. எஸ்பிஎம் முடித்துவிட்டு ஒரு கடையில் பகுதிநேர வேலை. மாமாக் கடையில் பழக்கமான ஒருவன், “உன் அட்டையைக் கொடு, மாதம் முந்நூறு வெள்ளி தருகிறேன், ஆன்லைன் வியாபாரத்துக்கு” என்று கேட்டிருக்கிறான். திருடச் சொல்லவில்லையே, பொய் சொல்லச் சொல்லவில்லையே என்று பையன் கொடுத்துவிட்டான். அட்டையோடு ரகசிய எண்ணும். முந்நூறு வெள்ளி இரண்டு மாதம் வந்தது. மூன்றாம் மாதம் வேறு மாநிலத்துக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு மூதாட்டியின் சேமிப்பு இவன் கணக்கு வழியாகப் போயிருக்கிறது. பையன் பார்த்ததுகூட இல்லை. அவன் கணக்கு முடக்கப்பட்டது, உள்ளே கிடந்த அவன் சொந்தச் சம்பளமும் சேர்ந்து. அட்டை வாங்கியவனின் எண் வேலை செய்யவில்லை. உண்மைப் பெயர் என்னவென்று பையனுக்கும் தெரியாது.

“அவன் ஒண்ணுமே செய்யலியே தம்பி, அட்டையைத்தானே குடுத்தான்” என்று அந்த அக்கா என்னிடம் அழுதார். இப்போது அட்டையைக் கொடுப்பதே குற்றம். தன் கணக்கையோ அட்டையையோ தகுந்த காரணம் இல்லாமல் அடுத்தவர் கையில் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கி 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்லி நழுவ முடியாது. தெரிந்தே கள்ளப்பணத்தை மாற்ற உதவினால் வேறு சட்டம் பாயும். 2001ஆம் ஆண்டுக் கள்ளப்பணத் தடுப்புச் சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை, கைமாறிய தொகையைப் போல ஐந்து மடங்கு அல்லது 50 லட்சம் வெள்ளி, இதில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம். முந்நூறு வெள்ளிக்கு வாடகை விட்ட அட்டை!

நம்மில் சிலர் இன்னும் ஒரு தவறு செய்கிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப அந்தக் கால உண்டியல்தான் நல்லது, விகிதம் அதிகம் என்பார்கள். பழைய உண்டியல்காரர் முகம் தெரிந்தவர், வாக்குத் தவறாதவர், அது வேறு காலம். 2011ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பணம் மாற்றவும் அனுப்பவும் பேங்க் நெகாராவின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள நாணய மாற்றுக்காரர்கள் லெபோ பந்தாய் வட்டாரத்திலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பலர் நம்மவர்கள். உரிமம் இல்லாதவரிடம் நீங்கள் கொடுக்கும் நல்ல பணத்தோடு எந்தப் பணம் கலக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஊரில் உங்கள் அம்மா கையில் போய்ச் சேரும் நோட்டு எங்கிருந்து வந்தது என்றும் தெரியாது.

ஆகவே கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். வீட்டில் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் இருந்தால் இன்று இரவே அட்டை அவர்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கணக்கு திறந்து தருகிறேன், கம்பெனி பதிவு செய்து உன்னை இயக்குநர் ஆக்குகிறேன் என்று யாராவது சொன்னால் சந்தோஷப்பட வேண்டாம். முன்பின் தெரியாத கணக்குக்குப் பணம் போடுவதற்கு முன், காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 997 எண்ணுக்கு அழையுங்கள். அந்தத் தேசிய மோசடித் தடுப்பு மையம் 2022இல் இதற்கென்றே தொடங்கியது. பணம் நாலாவது கணக்கைத் தாண்டுவதற்குள் பிடித்தால்தான் உண்டு.

அந்த அக்காவின் மகனுக்கு அடுத்த மாதம் வாய்தா. அந்த மாநிலத்துக்குப் போய்வர பேருந்துச் செலவு மட்டும் இருநூறு வெள்ளி ஆகிறதாம். கணக்கு முடங்கிக் கிடப்பதால் அவன் முதலாளி இப்போது சம்பளத்தை ரொக்கமாகக் கையில் கொடுக்கிறார்.